பாஸ்போர்ட் மட்டும் போய்வந்தது

என் புருஷனைவிட அவருடைய பாஸ்போர்ட்தான் ஊருக்கு அதிகம் போய்வந்தது. மாதம் தவறாமல் லிம்போபோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். எங்கள் ஜிம்பாப்வே மண்ணைத் தொட்டுவிட்டு, முத்திரை வாங்கிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் திரும்பும். அவர் அந்த நேரத்தில் வெல்டிங் பட்டறையில் யாரோ பணக்காரர் வீட்டு வாசற்கதவுக்கு இரும்பில் அன்னம் செய்துகொண்டிருப்பார். நான் வேன்கள் நிற்கும் மைதானத்தில் சோளக்களியும் கோழிக் குழம்பும் விற்றுக்கொண்டிருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் என்பது கிறிஸ்துமஸ் மட்டும்தான்.

இந்த நாட்டுச் சட்டம் என்னவோ சின்னதுதான். ஒரு தடவை நுழைந்தால் முப்பது நாள் தங்கலாம். வருடத்துக்கு மொத்தம் தொண்ணூறு நாள். ஒரு நாள் கூடினாலும் ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. எனக்குப் பழைய வேலை அனுமதி ஒன்று இருந்தது. அவரும் அதற்கு மனுப் போட்டிருக்க வேண்டியவர்தான். கடைசி வாரத்தில் மலேரியாவில் படுத்துவிட்டார். கொசு ஒன்று கடித்ததற்கு ஏழு வருடம் மாதாமாதம் முத்திரை. அவர் பெயர் மெலுசி. என்னை எல்லாரும் மாகுமேடே என்பார்கள். எங்களில் கல்யாணமானாலும் பெண்ணுக்கு அப்பன் வீட்டுக் குலப்பெயர்தான்.

முத்திரைக்காக மாதாமாதம் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுப் பாலத்துக்குப் போய்வர யாரால் முடியும்? அதனால் நாங்கள் யாரும் போவதில்லை. பாஸ்போர்ட் போகும். நோமோர் கொண்டுபோவான். நோமோர் என்றால் 'இனி வேண்டாம்' என்று அர்த்தம். எட்டாவதாகப் பிறந்தவனுக்கு அவன் அம்மா வேண்டிக்கொண்டு வைத்த பெயர். அவனுக்குப் பிறகும் இரண்டு பிறந்தன. அவன் வேனில் ஊருக்குப் போகாத சாமான் கிடையாது. கட்டில், கண்ணாடி அலமாரி, சமையல் எண்ணெய், பள்ளிச் சீருடை, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் பட்டை போட்ட பாஸ்போர்ட் கட்டு. பாலத்தில் தெரிந்த அதிகாரி இருக்கும் வேளை பார்த்து உள்ளே நீட்டுவான். வெளியேறியதற்கு ஒன்று, மறுபடி நுழைந்ததற்கு ஒன்று. ஆளே இல்லாமல் ஆள் போய்வந்துவிடுவார். மார்ச்சோடு தொண்ணூறு நாள் முடிந்த பிறகு என்ன செய்வான் என்று நாங்கள் கேட்பதில்லை. அவனும் சொன்னதில்லை.

எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். வரும்போதெல்லாம் எங்கள் ஊர் குவாண்டாவிலிருந்து, வறுத்துத் தின்ன ஒரு பை காய்ந்த மொப்பானிப் புழு கொண்டுவருவான். வாய் மட்டும் ஓயாது. "அண்ணே, உங்க போட்டோ என்னைவிட நல்லா ஊர் சுத்துது. பாலத்துல உங்களத் தெரியாத அதிகாரியே இல்ல. நேர்ல போனா, யாருடா இதுன்னு கேப்பாங்க" என்பான். மெலுசி மெதுவாகச் சிரிப்பார். எல்லாமே அவருக்கு மெதுவாகத்தான். சிரிக்கிறதும் மெதுவு, கோபப்படுகிறதும் மெதுவு. நானோ கடுகு.

இந்தப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினாறு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நோமோர் போனான். வியாழக்கிழமை திரும்ப வேண்டியவன் வரவில்லை. போன் வந்தது.

"அக்கா, புதுசா ஒருத்தன வந்து உக்கார வச்சிருக்காங்க. ஒவ்வொரு பாஸ்போர்ட்டா தூக்கிப் பிடிச்சு, இந்த மூஞ்சி எங்கேன்னு கேக்குறான். பதினாறு மூஞ்சிக்கு நான் எங்க போவேன்?"

பதினாறிலும் வெளியேறிய முத்திரை விழுந்துவிட்டது. நுழைந்த முத்திரை விழவில்லை. பாஸ்போர்ட் கட்டை அவன் அக்கா வீட்டில், பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில், மெத்தைக்கு அடியில் வைத்திருந்தான். ஆக, அரசாங்கத்துக் கணக்கில் என் புருஷன் செவ்வாய்க்கிழமையே ஊருக்குப் போய்விட்டார். நிஜத்தில் என் எதிரே உட்கார்ந்து களியை உருட்டிக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

பொறுத்திருக்கலாம். ஒரு வாரத்தில் அந்தப் புது ஆளும் வழிக்கு வந்துவிடுவான், யார்தான் வரவில்லை. ஆனால் பட்டறை முதலாளிக்குத் திங்கட்கிழமை சோதனை. வெளிநாட்டு ஆட்கள் எல்லாரும் உயிருள்ள முத்திரையோடு பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், இல்லாதவன் பட்டறைப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். அது போக, அந்த மாதம் தெருவுக்குத் தெரு போலீஸ் வண்டி. கையில் பாஸ்போர்ட் இல்லாதவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று சாப்பாடு முடிந்து கைகழுவும்போது மெலுசிதான் சொன்னார், நேரில் போய் நின்றால் முத்திரை குத்திவிடுவான் அல்லவா என்று. மூஞ்சியைத்தானே கேட்கிறான், காட்டிவிட்டால் போயிற்று. பேச்சு சரிதான். ஆனால் பாஸ்போர்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆள் இந்தப் பக்கம். பாஸ்போர்ட் இல்லாமல் பாலத்தில் கால் வைக்க முடியாது. வைத்தாலும், ஏற்கெனவே வெளியேறியவன் மறுபடி எப்படி வெளியேறுவது? மிச்சம் இருந்தது ஆறுதான். லிம்போபோவில் இறங்கி அந்தப் பக்கம் போய், நோமோரின் அக்கா வீட்டில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பாலம் வழியாக மரியாதையாக நடந்து திரும்ப வேண்டும். கிறிஸ்துமஸை விட்டால் ஏழு வருடத்தில் முதல் தடவையாகச் சட்டப்படி நுழைவதற்காக என் புருஷன் திருட்டுத்தனமாக வெளியேற வேண்டியிருந்தது.

சொல்லிவிட்டு அவரே பின்வாங்கினார். மழை பெய்திருக்கிறது, தண்ணீர் எப்படியோ, நீச்சல் தெரியாதே என்றார். முதலாளியிடம் ஒரு வாரம் தவணை கேட்கலாமே என்றார். எனக்கு எரிந்தது. வேலை போனால் குவாண்டாவில் அவருடைய அண்ணன் காலெப் வீட்டில் வளரும் எங்கள் மகளுக்கு என்ன அனுப்புவது என்ற பயம். பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

"மாசாமாசம் உங்க பாஸ்போர்ட்டு ஊருக்குப் போய்ட்டு வருது. ஒரு தடவ நீங்க போய்ட்டு வாங்களேன்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் பட்டறை நீல அங்கியையே போட்டுக்கொண்டு பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஊரான மூசினா போகிற வண்டியில் ஏறினார். அழுக்குத் துணிதானே, நனைந்தால் நனையட்டும் என்றார்.

வண்டி போன பிறகு எனக்கு ஆற்றை நினைத்துப் பயம் வந்தது. அதையும் நான் வாயால்தான் தீர்த்தேன். நோமோரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் பாஸ்போர்ட் என் கைக்கு வரவில்லையென்றால் இனி என் கடையில் ஒரு உருண்டை களி உனக்குக் கிடையாது, எந்த அதிகாரியின் காலில் விழுவாயோ விழு என்று கத்தினேன். மெலுசி வருகிறார் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் முயற்சியை விட்டுவிடுவான். நோமோரை விரட்டியிருக்கிறேன் என்று மெலுசியிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாதி வழியில் திரும்பிவிடுவார். அவர் திரும்புவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். ஒன்று தவறினாலும் இன்னொன்று பலிக்கட்டும் என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்த நினைப்பை இன்று நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து பேசினார். இங்கே கூட்டிப்போகிற ஆட்களைக் கழுதைப்புலி என்பார்கள். அப்படி ஒருவன் கிடைத்திருக்கிறான், தண்ணீர் இடுப்பளவுதான் என்றார். போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டப்போகிறேன், இனி அணைத்துவிடுவேன், அக்கரை போய்ப் பேசுகிறேன் என்றார். நான் சரி என்றேன். நோமோரை விரட்டியதைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு அழைத்தேன். அணைந்திருந்தது. பத்துக்கும் அணைந்திருந்தது. மதியம் கூட்டம் நெரிந்தது. ஒரு கையால் களி கிண்டிக்கொண்டே இன்னொரு கையால் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. வேன்காரர்கள் கிண்டல் செய்தார்கள், அக்காவுக்குப் புது ஆள் கிடைத்துவிட்டான் போல என்று.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நோமோரின் வேன் மைதானத்துக்குள் வந்தது. கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி நீலப் புத்தகத்தை ஆட்டிக்கொண்டே வந்தான். முகமெல்லாம் பல். சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அந்தப் புது ஆள் எழுந்து போயிருக்கிறான், பழைய ஆள் ஒருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான், பதினாறையும் ஒரே மூச்சில் குத்தி வாங்கிவிட்டான். என் கையில் வைத்தான். பிரித்தேன். சனிக்கிழமைத் தேதி. நுழைவு. முப்பது நாள்.

"என்னக்கா, களி உண்டா இல்லையா இனிமே?" என்றான்.

அவர் உன்னிடம்தான் வருகிறார் என்றேன். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டான். அங்கே யாரும் வரவில்லை.

கழுதைப்புலியைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நோமோர்தான் மூசினாவுக்குப் போய் அவனைப் பிடித்து என்னிடம் பேசவைத்தான். கைகோத்துக்கொண்டு இறங்கினோம் என்றான் கழுதைப்புலி. நடு ஆற்றில் எதிரே ஏழு பேர் வந்தார்கள். எல்லாரும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள். ஊரே ஒரு திசையில் வரும்போது இவர் ஒருவர் மட்டும் எதிர்த் திசையில் போகிறாரே என்று அதில் ஒருவன், "என்னண்ணே, வீட்ல அடுப்ப அணைக்க மறந்துட்டியா?" என்று கேட்டானாம். இவர் மெதுவாகச் சிரித்தாராம். அந்த நேரம்தான் மேலே எங்கோ பெய்த மழைத்தண்ணீர் வந்தது. கை விட்டுப் போயிற்று. அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை.

நான் போலீசுக்குப் போனேன். காணவில்லை என்றேன். பெரிய வயிற்றுக்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். எப்போதிலிருந்து காணவில்லை என்றார். சனிக்கிழமை காலையிலிருந்து என்றேன். சனிக்கிழமை மதியம்தான் பாலத்தில் நுழைந்திருக்கிறார், பார், என்று முத்திரையை எனக்கே காட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காலைல காணாமப் போனவரு மதியம் எப்படிம்மா பாலத்துல வந்து நின்னாரு?"

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நோமோர் உள்ளே போவான். அந்தப் பதினைந்து பேர் வீட்டுக்கும் போலீஸ் போகும். உயிரோடு எங்கேயாவது கரையேறியிருந்தால் மெலுசிக்கு ஐந்து வருடத் தடை. நாளைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் ஐயா என்றேன். புருஷன்மார்கள் இப்படித்தான், வேறு யார் வீட்டிலாவது இருப்பார், முப்பது நாள் முடிவதற்குள் வந்துவிடுவார் என்று அனுப்பிவைத்தார்.

காலெப் அந்தப் பக்கத்துப் போலீசில் கேட்டார். உங்கள் தம்பி சனிக்கிழமையே எல்லை தாண்டி அந்த நாட்டுக்குப் போய்விட்டார், கணினியில் இருக்கிறது, அங்கே போய்த் தேடுங்கள் என்றார்களாம். அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் காட்டியது. இந்தப் பக்கம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. முத்திரை ஒன்று இருந்ததால் என் புருஷனைத் தேட ஒருவரும் இல்லை.

மூன்றாவது வாரம் நோமோரோடு மூசினாவுக்குப் போனேன். ஆற்றில் ஒதுங்குகிறவர்களை வைக்கிற பிணவறை அங்கேதான். பதிவேடு வைத்திருந்தவர் கிழவர், மெல்லிய குரல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் தேதி என்று ஆரம்பித்து வாசித்தார். ஆண். நாற்பது வயது இருக்கலாம். நீல அங்கி. இடது முன்கையில் தீப்பட்ட பழைய தழும்பு. இடுப்பில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கைபேசி. உள்ளே வந்து பார்க்கிறாயாம்மா என்றார்.

நோமோர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"அது அவரு இல்ல" என்றேன். பார்க்காமலேயே சொன்னேன். பெரியவர், மார்ச் மாதக் கடைசி வரைக்கும்தான் வைத்திருப்போம், அப்புறம் ஊருக்கு வெளியே நம்பர் போட்ட தகரம் நட்டுப் புதைத்துவிடுவோம் என்றார். பாவம், நல்ல மனுஷர். வற்புறுத்தவில்லை.

வழியெல்லாம், வெல்டிங் செய்கிறவன் எல்லார் கையிலும் தழும்பு இருக்கும் என்று நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மார்ச் முதல் வாரம், அந்தச் சனிக்கிழமை முத்திரையின் முப்பது நாள் முடிகிற கட்டம். மைதானத்தில் எல்லாரும் நோமோரிடம் பாஸ்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இடுப்புத் துணியிலிருந்து மெலுசியுடையதை எடுத்து நீட்டினேன்.

"அக்கா, இது..." என்றான்.

"நாள் தப்பிடுச்சுன்னா அஞ்சு வருஷம் உள்ள விடமாட்டாங்க. வந்தாருன்னா எப்படி வருவாரு?" என்றேன்.

வாங்கிக்கொண்டான். மற்றவர்களுடையதை ரப்பர் பட்டையில் போட்டான். இதை மட்டும் தனியாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். நான்கு நாளில் கொண்டுவந்தான். புது ஆள் வழிக்கு வந்துவிட்டானாம். மார்ச் ஒன்பதாம் தேதி வெளியேறி, ஒன்பதாம் தேதியே நுழைந்திருந்தார். மையின் ஈரம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார், பாலத்தில் வரிசையில் நிற்கிறார், மெதுவாகச் சிரிக்கிறார் என்று.

நோமோர் போகாமல் நின்றான். களித் தட்டைக் கொடுத்தேன். தொடவில்லை.

"இதான் கடைசி முப்பதுக்கா. இதோட தொண்ணூறு முடிஞ்சிடும். மத்தவங்களுக்கு வேற வழி பண்ணுவேன். இவருக்குப் பண்ண மாட்டேன். அதை நீட்டுறப்ப அந்தப் புது ஆளு போட்டோவப் பாத்துட்டு, நல்லாருக்காரா உங்காளுன்னு கேட்டான். நான் தலையாட்டிட்டு வந்தேன். என்னால முடியலக்கா."

தட்டை வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு இருபத்தாறு வயது. அன்று அவனைப் பார்த்தால் ஐம்பது சொல்லலாம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் என் புருஷனை உயிரோடு வைத்திருக்கவில்லை. ஐஸ் பெட்டியில் பேரில்லாமல் வைத்திருக்கிறேன். அவருக்கு என்று ஒரு இடத்தில் தகரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காலெப்புக்குப் போன் செய்தேன். "அவருதான்" என்றேன். பிணவறைப் பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன்.

விஷயம் தெரிந்ததும் நோமோர் ஓடி வந்தான். பாஸ்போர்ட்டை அடுப்பில் போட்டுவிடலாம், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றான். அவன் பயம் நியாயம்தான். இறப்புச் சான்றில் பிப்ரவரி பன்னிரண்டு என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் மார்ச் ஒன்பதாம் தேதி அதே ஆள் பாலத்தைப் போகவும் வரவும் கடந்திருப்பார். குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் அவர் யார்? பேரில்லாத பிணத்தைப் பாலத்தில் விடமாட்டார்கள். நீ எங்களோடு வராதே, யாராவது கேட்டால் நான்தான் கொண்டுபோனேன் என்று சொல்லிக்கொள்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஈமச் சங்கம் வண்டியும் பெட்டியும் கொடுத்தது.

காலெப் பாலம் வழியாக வந்தார். பிணவறைக்குள் இரண்டு பேரும் போனோம். அதைப் பற்றி நான் சொல்லமாட்டேன். பதிவேட்டுப் பெரியவர் பெயரை எழுதும்போது எழுத்துக்கூட்டிக் கேட்டார். நிதானமாகச் சொன்னேன். அந்த மனுஷர் என் பழைய பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெட்டியை மட்டும் கொண்டுபோனால் போதாது. தண்ணீரில் போனவரின் உயிர் தண்ணீரிலேயே நிற்கும். இலந்தைக் கிளை ஒடித்து, போன இடத்துக்கே போய்க் கூப்பிட்டு, கிளையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கிளையைத் தூக்கியவர் வீடு சேரும்வரை உயிரோடிருப்பவர்களிடம் பேசக் கூடாது. அவரிடம் மட்டும் பேச வேண்டும். வண்டியில் ஏறுகிறோம், திரும்புகிறோம், பாலம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் எங்கேயாவது இறங்கிவிடுவார். அதை ஆண்கள்தான் தூக்குவது வழக்கம். என் வாய் அனுப்பியது, என் வாய்தான் கூப்பிட்டு வரவேண்டும் என்று காலெப்பிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

காலையில் ஆற்றங்கரைக்குப் போனோம். தண்ணீர் வடிந்து மணல் திட்டுத் தெரிந்தது. இப்போது ஒரு பிள்ளைகூட நடந்து தாண்டிவிடும். கிளையைத் தண்ணீரில் தோய்த்து, மெலுசி, நான்தான், வாங்க, வீட்டுக்குப் போலாம் என்றேன். முள் உள்ளங்கையில் ஏறியது. அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை.

பதினோரு மணிக்குப் பாலத்துக்கு வந்தோம். இந்தப் பக்கத்து அலுவலகத்தில் காலெப் தாள்களையெல்லாம் கொடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் இளவயது அதிகாரி ஒருவன். நல்லாத் தேய்த்த சட்டை. சான்றைப் படித்தான். பாஸ்போர்ட்டைப் பிரித்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்தான். சான்றை மறுபடி எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். விரல் தேதிகளின் மேல் போனது.

"இந்த பாஸ்போர்ட்ட மார்ச் ஒன்பதாம் தேதி யாரு கொண்டுவந்தது?" என்று கேட்டான்.

காலெப்புக்கு ஒன்றும் தெரியாது. நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் என்று சொல்லத் தயாராக வந்தவள் நான். ஏழு வருடமாக எங்கள் முகத்தைப் பார்க்காத கண்ணாடிக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், என்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கையில் கிளை இருந்தது. வாயைத் திறந்தால் அவர் இங்கேயே இறங்கிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி பாஸ்போர்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். இந்தப் பாலத்து முத்திரையின் ஓரத்தில் குத்துகிறவரின் எண் சின்னதாக இருக்கும். மார்ச் முத்திரையில் நாற்பத்தொன்று. அவன் கை அப்படியே நின்றது. பிறகு தன் மேசையில் இருந்த முத்திரைக்கட்டையை, நான் பார்க்காதபடி, தாளுக்கு அடியில் தள்ளினான். அதன் பிடியில் வெள்ளைப் பெயிண்டில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். நோமோரிடம் நல்லாருக்காரா உங்காளு என்று கேட்ட புது ஆள் இவன்தான்.

அவன் நிமிர்ந்தான். என்னையும் கிளையையும் பார்த்தான். வெளியே வண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தான். இறந்தவர் என்று கணினியில் போட்டால் தேதிகள் இரண்டும் மேலதிகாரிகள் கண்ணுக்குப் போகும். உயிரோடு வெளியேறினார் என்று போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. இறப்புச் சான்றை மடித்துக் காலெப்பிடம் திருப்பிக் கொடுத்தான். நாற்பத்தொன்றை வெளியே எடுத்து, மையில் அழுத்தி, என் புருஷனின் பாஸ்போர்ட்டில் வெளியேறிய முத்திரை குத்தினான். என்னை யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

நீட்டும்போது, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இவருக்கு இந்த வருஷத்துல இன்னும் பதினெட்டு நாள் பாக்கி இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டான். காலெப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தோம். வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிளையை மடியில் வைத்துக்கொண்டேன். சக்கரம் பாலத்தின் முதல் இரும்பில் ஏறியது. கீழே தண்ணீர் தெரிந்தது.

"பாலம் வந்துடுச்சுங்க. இன்னும் பதினெட்டு நாள் இருக்காம். நமக்கு வேண்டாம். வீட்டுக்கு வாங்க" என்றேன்.